மாமி கிடந்த நாற்பது

1

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து புதிதாக ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தாள். பெயர் லில்லி. ஆலுவாக்காரி, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்தச் சனா நகரத்தில் வந்து இறங்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் நடப்பதுதான் அவளுக்கும் நடந்தது. வந்த அன்று, "குளிரு நல்லாத்தான் இருக்கு சேச்சி" என்று சிரித்துக்கொண்டே பெட்டியோடு ஹாஸ்டல் படிகளில் ஓடி ஏறினாள். மறுநாள் காலையில் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் அழுதாள். சோற்றைக் கண்டாலே குமட்டல். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது.

நான் பிளாஸ்கில் கஷாயம் எடுத்துக்கொண்டு போனேன். சுக்கு, சீரகம், ஓமம், இரண்டு பல் பூண்டு, ஒரு துண்டு கருப்பட்டி. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கே, இது எதுக்குள்ள மருந்து சேச்சி?" என்று கேட்டாள். நான் அவளுடைய நாடியைப் பார்த்துக்கொண்டிருந்த நினைப்பில், "பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே வேறு இரண்டு நர்ஸுகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற நான் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடிப்பதற்குள் அவள் மீதிக் கஷாயத்தையும் குடித்திருந்தாள். அந்தக் கதையைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். மட்டாஞ்சேரியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத உங்கள் பிள்ளைகளுக்கு மலையாளத்தில் சொல்லிக் கொடுங்கள்.

2

மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் எங்கள் வீட்டிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் பூமி ஒரே மட்டம். அங்கே ஏறுவதற்கு என்ன இருக்கிறது? வைப்பின் போகிற படகுக்கு நாலு படி இறங்க வேண்டும், திரும்பி வந்தால் அதே நாலு படி ஏற வேண்டும். என் மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் உம்மா, வாழ்நாளில் ஏறிய பெரிய உயரம் ஆலுவா ரயில் நிலையத்து மேம்பாலம். இதை நான் சொல்லவில்லை, அவருடைய மகனே சொல்வார்.

சனா அப்படியில்லை. யெமன் நாட்டின் இந்தத் தலைநகரம் கடலுக்கு ஏழாயிரம் அடிக்கும் மேலே, மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. காற்று மெலிந்தது. நம் ஊரில் ஒரு மூச்சில் கிடைப்பதற்கு இங்கே ஒன்றரை மூச்சு வாங்க வேண்டும். உடம்பு இந்தக் கணக்கைப் படித்துக்கொள்ளச் சிலருக்கு மூன்று நாள் ஆகும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும். அதுவரை தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல். போதாததற்கு இங்கே வீடுகளும் உயரம். ஐந்தடுக்கு, ஆறடுக்கு. வந்தவரைக் கௌரவமாக உட்காரவைக்கும் அறை எல்லாவற்றுக்கும் மேலே உச்சியில் இருக்கும். நம் ஊரில் விருந்தாளி வாசலோடு உட்காருவார். இங்கே மரியாதை கூடக் கூடப் படியும் கூடும்.

நான் எழுபதுகளின் நடுவில் நர்ஸாக இங்கே வந்தேன். இவர், என் வீட்டுக்காரர், ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மூத்தவள் நஸ்ரினைப் பெறுவதற்கு நான் மட்டாஞ்சேரிக்கே போனேன். என் உம்மா முன்னமே மௌத்தாகிவிட்டதால் பேறுகாலம் முழுக்க மாமி வீட்டில்தான். பிறகு பிள்ளையோடு திரும்பி வந்தபோது, நான் டூட்டிக்குப் போகும் நேரம் பார்த்துக்கொள்ள இவருடைய அக்கா, என் நாத்தனார், கூடவே வந்தார்.

நாங்கள் அவருக்கு என்ன செய்தோம் தெரியுமா? விமானத்திலிருந்து இறங்கியதும் பிரியாணி போட்டோம். ஊரிலிருந்து ஒருவர் வந்தால் நம் ஆட்கள் எல்லோர் வீட்டுக்கும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் அந்த ஒரே நாளில் நாலு வீடு. நாலும் உச்சி அறை. ஒவ்வொரு வீட்டிலும் சாயா, பழம்பொரி, "ஒண்ணுமே சாப்பிடலியே" என்ற குறை. நாத்தனார் மரியாதை தெரிந்தவர், எல்லாவற்றையும் சாப்பிட்டார், எல்லாப் படியும் ஏறினார். மூன்றாம் நாள் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. டாக்டர் கீழே அனுப்பச் சொன்னார். அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார்.

தனியாகப் போகவில்லை. என் நஸ்ரினைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிள்ளையைப் பிடிக்க எங்களுக்கு வேறு கை இல்லை. இங்கே பாதி நர்ஸுகளின் பிள்ளைகள் அப்போது சுவரில் மாட்டிய படத்தில்தான் இருந்தார்கள், அதனால் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு மட்டும் பெரிதாக இருந்தது.

3

நஸ்ரின் நாலு வயதில் எங்களிடம் திரும்பி வந்தாள். விமான நிலையத்தில் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய், நானும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஊரில் அவள் மாமியைத்தான் உம்மா என்று கூப்பிட்டு வளர்ந்திருந்தாள். அந்தச் சொல் அங்கேயே தங்கிவிட்டது. இங்கே நல்ல நாட்களில் நான் மம்மி. மற்ற நாட்களில் பேரில்லாதவள், வேண்டியதைக் கேட்க என் கையைப் பிடித்து இழுப்பாள். கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி, சாலிஹின் தாய் என்பதால் உம் சாலிஹ், அவளுடைய பேத்திகளோடு ஆடி ஆடி ஒரே வருஷத்தில் அரபி அவளுக்குத் தண்ணீராக வந்துவிட்டது. தூக்கத்தில்கூட அரபியில்தான் சண்டை போட்டாள். நான் தமிழில் அதட்டினால் திருதிருவென்று விழிப்பாள்.

அவளுக்கு ஆறு வயதாகும்போது பஷீர் பிறந்தான். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெற்றேன், ஒரு வாரத்தில் அடுப்படிக்கு வந்துவிட்டேன். இருந்த லீவு, கெஞ்சி வாங்கிய லீவு எல்லாம் தீர்ந்தபோது மேட்ரன் கூப்பிட்டு, மாதம் முடிவதற்குள் வேலைக்கு வா, அல்லது வேலையை விட்டுவிடு என்றாள். வேலை போனால் இவருடைய சம்பளத்தில் இங்கே குடும்பமாக இருக்க முடியாது. பிள்ளையை அனுப்பலாம் என்று இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். "இவனை அனுப்ப மாட்டேன். இன்னொரு தடவை என்னை யாரும் ஆன்ட்டின்னு கூப்பிட வேண்டாம்."

"அப்ப உம்மா வரட்டும்" என்றார் இவர்.

மாமிக்கு விசா வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாமிதான் இவருடைய தாய் என்பதற்குச் சான்று கேட்டார்கள். மலையாளத்தில் இருந்ததை இங்கிலீஷுக்கு மாற்றி, இங்கிலீஷிலிருந்து அரபிக்கு மாற்றியபோது, பாத்திமா பீவியாகப் புறப்பட்டவர் வேறு யாரோவாக வந்து சேர்ந்தார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். கடைசியில் இரண்டு மாதத்துக்குத் தந்தார்கள். மேலும் வேண்டுமென்றால் ஆளே நேரில் வந்து கேட்க வேண்டும் என்றார்கள்.

ஆக, மாமிக்கு இந்த மலை ஒத்துக்கொண்டால் பஷீர் என்னோடு. ஒத்துக்கொள்ளாவிட்டால் பஷீரும் மட்டாஞ்சேரிக்கு. மாமி புறப்படும்போதே கொச்சங்காடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார்: "ஒத்துக்கிட்டா இருப்பேன். இல்லேன்னா பிள்ளையோட திரும்பி வருவேன்."

4

மாமியின் பையைச் சுங்க அதிகாரி திறந்து பார்த்தார். பொடி, பொட்டலம், வேர், பட்டை, டப்பாவில் கறுப்பாக ஒரு லேகியம். ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத் தும்மினார், பிறகு எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். அத்தனையும் எனக்காம். பிள்ளை பெற்று ஐந்து மாதம் ஆன எனக்கு, பேறுகால மருந்து.

நாத்தனார் விஷயத்தில் பட்டிருந்ததால் இந்தத் தடவை பிரியாணி இல்லை, யார் வீட்டுக்கும் போகவில்லை. கஞ்சி கொடுத்துப் படுக்கச் சொன்னேன். ஆனால் மாமி சும்மா இருக்கிற ஜாதியில்லை. நான் பஷீருக்குப் பால் கலக்கும் நேரத்தில் கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்க மொட்டைமாடி வரைக்கும் ஏறிவிட்டார். திரும்பி வந்து என் பாத்திரங்களை எல்லாம் மறுபடி தேய்த்தார். என் பாத்திரம் தேய்ப்பில் அவருக்கு என்றைக்கும் நம்பிக்கை கிடையாது.

அன்று சாயங்காலம் தலைவலி. மறுநாள் வாந்தி. முகம் வெளிறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கையில் பஷீரின் ஈரத்துணி.

"மாமி, படுங்க."

"கிடக்கிறதுக்கு எனக்கு என்ன சூக்கேடா? விமானத்துல குடுத்த சோறு பிடிக்கல, அவ்வளவுதான்."

விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியத்தோடு வந்துவிட்டார்கள். ஒருவர் எலுமிச்சையும் உப்பும் கொண்டுவந்தார். இன்னொருவர் வெங்காயத்தை நறுக்கித் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். இவருடைய கம்பெனி மேஸ்திரி, இந்த ஊர் ஆண்கள் மத்தியானத்துக்கு மேல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மெல்லும் காத் இலையில் ஒரு கொத்தைக் கொண்டுவந்து, இதை மென்றால் களைப்பே தெரியாது என்றார். நான் பார்த்த பார்வையில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். உம் சாலிஹ் கிஷர் கொண்டுவந்தாள். காப்பிக்கொட்டையின் தோலை இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த இந்த ஊர்ப் பானம் அது. மாமி முகர்ந்து பார்த்துவிட்டு, "இஞ்சி போட்டிருக்கா. நம்ம கொச்சங்காடிச் சுக்கு வாசம் இதுக்கு வராது" என்றார். சொல்லிவிட்டு இரண்டு கோப்பை குடித்தார்.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஓடினேன். சூடானிலிருந்து வந்தவர், பொறுமைசாலி. "ஓய்வு எடுக்கட்டும். வெதுவெதுப்பாக நிறையக் குடிக்கட்டும். லேசாகச் சாப்பிடட்டும். படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. நாளை மறுநாளும் இப்படியே இருந்தால் கடற்கரைக்கு இறக்கிவிடு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ அதுவரைகூடக் காத்திருக்காதே" என்றார்.

வீட்டுக்கு வந்தால் இவர் ஊருக்கு எந்தக் கிழமைகளில் விமானம் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். பஷீர் ஒன்றும் அறியாமல் தன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

5

மாமியைப் படுக்கவைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அவர் படுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் என்னைப் படுக்கவைத்ததை மறக்கவே முடியாது.

நஸ்ரின் பிறந்தபோது நான் கிடந்தது கொச்சங்காடி வீட்டின் பின்னறையில். சுவருக்கு அந்தப் பக்கம் மிளகும் சுக்கும் அடுக்கிய பாண்டியாலை, அதாவது கிட்டங்கி. வாசனை வருவது அடுப்பிலிருந்தா கிட்டங்கியிலிருந்தா என்று சொல்ல முடியாது. நாற்பது நாள் எழும்பக்கூடாது. குளிர்ந்த தண்ணீரைத் தொடக்கூடாது. காதைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கனம் தூக்கக்கூடாது, வாசிக்கக்கூடாது, யாரோடும் சண்டை போடக்கூடாது. அந்த வீட்டில் மாடியே கிடையாது என்றாலும் படி ஏறக்கூடாது என்ற சட்டம் சட்டம்தான், அதனால் அடுக்களைக்கு இறங்கும் இரண்டு படியை எனக்குத் தடுத்துவைத்தார். காலையில் கஷாயம், மத்தியானம் பூண்டு போட்ட கஞ்சி, சாயங்காலம் லேகியம், எந்நேரமும் சீரகத் தண்ணீர்.

"மாமி, கொஞ்சம் நடந்தாத்தான் உடம்புக்கு நல்லது. நான் படிச்சிருக்கேன்" என்பேன்.

"ஆஸ்பத்திரியில நீ நர்ஸ். இங்க நீ பெத்தவ. பேசாம கிட" என்பார்.

பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் துண்டுகளைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்து வாசித்துத்தான் அந்த நாட்களைத் தள்ளினேன். நாற்பது முடிந்ததும் எண்ணெய் தேய்த்து வேது தண்ணீர் ஊற்றி, புதுத்துணி உடுத்தி, தெருப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். அன்றைக்கு நான் நல்ல நிறத்தோடுதான் இருந்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது சனாவில், டாக்டரைப் பார்த்துவிட்டு நான் அடுக்களைக்குள் போனபோது மாமி பையைப் பிரித்துப் பானையை அடுப்பில் வைத்திருந்தார். ஒரு கை கரண்டியில், ஒரு கை சுவரில்.

"நாப்பது கிடக்காத பெத்தவ நீ. அதான் பிள்ளைக்குச் சளி மாறல. இன்னைக்கே தொடங்கணும். நீ போய்க் கிட" என்றார்.

நான் பானைக்குள் பார்த்தேன். சுக்கு, சீரகம், பூண்டு. டாக்டர் சொன்னதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். படுக்கை, வெதுவெதுப்பான தண்ணீர், லேசான கஞ்சி, படி ஏறாமை, கனம் தூக்காமை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"எனக்கு டூட்டி இருக்கே மாமி. நான் எப்படிக் கிடக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைக்கு ஒரு நாப்பது பாக்கி இருக்கு."

"பாக்கி பிள்ளைக்குத்தானே? எனக்கு இல்லையே?"

"பிள்ளைக்குத்தான்."

"அப்ப அவனுக்காக யார் கிடந்தா என்ன? நீங்க கிடங்க."

மாமி கரண்டியை நிறுத்தினார். "நானா? எனக்கு அம்பத்தெட்டு வயசு மோளே. கேக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"இங்க நம்மள யார் கேக்கப்போறாங்க?"

பஷீர் அந்த நேரம் பார்த்து இருமினான். நான் சொல்லிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சரியாக இருமியிருக்க மாட்டான். மாமி அவனைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"எல்லாச் சட்டமும் உண்டா?"

"எல்லாம் உண்டு. காதைக் கட்டுறது உள்பட."

"தொழுகையை மட்டும் விட மாட்டேன். அது பெத்தவளுக்குத்தான் விலக்கு. நான் அவளுக்குப் பதிலா கிடக்கிறவ."

"தொழுங்க. உக்காந்து தொழுங்க."

"உக்காந்து தொழ நான் என்ன சூக்கேடுகாரியா?" என்றார். குனிந்து பஷீரின் துணியை எடுக்கப் போனவர் தலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கொஞ்சம் யோசித்தார். "முட்டு வலி இருக்கு. அதுக்காக வேணும்னா உக்காரலாம்" என்றார்.

6

எனக்குச் செய்ததை எல்லாம் வட்டியோடு அவருக்குச் செய்தேன். காதைக் கட்டினேன். அடுக்களைப் பக்கமே வரவிடவில்லை. மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன். யாரோடும் பேசக்கூடாது என்று ஒரு சட்டத்தைச் சேர்த்துப் பார்த்தேன். "அப்படி ஒண்ணு நான் போடவே இல்ல" என்று மாமி மறுத்துவிட்டார்.

கஷாயம் மட்டும் சண்டையாக இருந்தது. இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் நம் ஊர்க் கொதியின் சூடு அதில் இருக்காது. அரிசி வேகாது, பருப்பு கல்லாகவே நிற்கும், சுக்கின் சாறு இறங்க நேரமாகும். மாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாக் கொதிச்சுதா? ஏமாத்தாதே. இங்க தீயே சரியில்ல" என்பார். பிறகு குக்கரில் வைத்து இறக்கினேன். அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

டாக்டர் கெடு வைத்த அந்த நாள் வந்தது. நான் காலையில் கண்ணை விழித்ததும் மாமியைத்தான் பார்த்தேன். பஷீர் அவர் பக்கத்தில், அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். "தலை எப்படி இருக்கு மாமி?" என்றேன். "தலை கிடக்கட்டும். பெத்தவளுக்கு மீன் குடுக்கலாம்னு உனக்குத் தெரியாதா? நான் உனக்குக் குடுத்தேனே" என்றார். நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். சந்தோஷத்துக்குத்தான்.

எந்த மருந்து கேட்டது என்று லில்லியும் கேட்டாள். நர்ஸாக உள்ளதைச் சொல்கிறேன். சுக்கும் சீரகமும் குமட்டலைத் தணிக்கும், அது என் அனுபவம். வெதுவெதுப்பாக நாள் முழுக்கக் குடித்தது நல்லது. பூண்டு பற்றி நம் ஆட்களும் சத்தியம் செய்கிறார்கள், இந்த ஊராரும் சத்தியம் செய்கிறார்கள், நான் செய்ய மாட்டேன். மலைக்கு உடம்பைப் பழக்கும் வேர் எதுவும் மாமியின் பையில் இல்லை. உடம்புதான் தன்னைப் பழக்கிக்கொள்கிறது, அதற்கு அது கேட்பது அவகாசம். நம் பெண்களுக்கு அவகாசம் தருகிற ஒரே சட்டம் எனக்குத் தெரிந்து பேறுகாலச் சட்டம்தான். டாக்டர் சொன்ன அந்த மூன்று ஆபத்து அறிகுறிகள் தெரிந்தால் கஷாயத்தை நம்பி உட்காரக்கூடாது, கீழே இறக்கிவிட வேண்டும். இதை லில்லிக்கு இரண்டு தடவை சொன்னேன்.

தலைவலி போன பிறகும் மாமி எழும்பவில்லை. நாற்பது என்றால் நாற்பதாம். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. நான் டூட்டிக்குப் போய்வந்தேன். பிள்ளைக்கு வேண்டியதை எல்லாம் நான் மாமியின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவேன், அவர் கிடந்தபடியே பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து அறைக்குள் நடக்கவிட்டேன், பிறகு வராந்தா வரைக்கும், பிறகு உம் சாலிஹின் வாசல் வரை இறங்கி ஏறவிட்டேன். ஒவ்வொரு படிக்கும் நஸ்ரின் பக்கத்தில் நின்று, "ஷுவையா ஷுவையா" என்பாள். அரபியில் மெதுவாக மெதுவாக என்று அர்த்தம். ஒரு வாரத்தில் மாமி என்னையும் இவரையும் பஷீரையும் எதற்கெடுத்தாலும் ஷுவையா என்று அதட்டத் தொடங்கினார்.

நஸ்ரினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாமி வந்ததில் அவளைப் போல் மகிழ்ந்தவர் யாரும் இல்லை. தலை பின்ன, நகம் வெட்ட, செருப்பு வாரை மாட்ட, கீழ்வீட்டுப் பேத்தி அடித்தாள் என்று புகார் சொல்ல, எல்லாவற்றுக்கும் "உம்மா, உம்மா" என்று மாமியின் பாயருகே போய் நிற்பாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்வேன். மாமி கண்ணைக்கூடத் திறக்காமல் சொல்வார்: "நான் பெத்தவ. என்னால எழும்ப முடியாது. போய் உன் உம்மாகிட்ட சொல்லு."

சீப்பும் கையுமாக அவள் என் முன்னால் வந்து நிற்பாள். எதுவும் சொல்ல மாட்டாள். நான் பின்னிவிடுவேன். தினமும் அப்படித்தான் நடந்தது. மாமிக்குச் சோம்பல் ருசித்துவிட்டது என்று இவரிடம் கேலிகூடச் செய்தேன்.

மாமி அதற்குப் பிறகு மூன்று வருஷம் எங்களோடு இருந்தார். இப்போது கொச்சங்காடியில்தான் இருக்கிறார். யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டினால், விமானச் சோறு பிடிக்காமல் போனது ஒன்றுதான் உண்மை என்பார். நம்ப வேண்டாம்.

7

நாற்பது முடிந்த அன்று அவரைக் குளிப்பாட்டி, ஊரிலிருந்து எனக்கென்று அவர் கொண்டுவந்த புதுச்சேலையை அவருக்கே உடுத்தினேன். பிறகு எல்லோருமாக விசா நீட்டிக்கும் அலுவலகத்துக்குப் போனோம். இரண்டு மாதக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அலுவலகம் எங்கே இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உச்சியில்தான்.

பஷீரை நான் வாங்கிக்கொள்ளப் போனேன். "பெத்தவகிட்டயே பிள்ளை இருக்கட்டும்" என்று மாமி இடுப்பை விட்டு இறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்றார். நான் ஒரு படி பின்னால் கையை நீட்டியபடியே ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மாமி சுவரைப் பிடிக்கவில்லை.

என் அரபி ஆஸ்பத்திரி அரபி. எங்கே வலிக்கிறது, எத்தனை தடவை போயிற்று, நாக்கை நீட்டு என்பதெல்லாம் வரும். தயவுசெய்து ஒரு வருஷத்துக்கு நீட்டித்துத் தாருங்கள் என்பது வராது. அதனால் மேசைக்கு மேல் கண் மட்டும் தெரிகிற உயரத்தில் நஸ்ரின் நின்று பேசினாள்.

அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டு, இந்த அம்மா வந்து இத்தனை நாளாக என்ன செய்தார், சுகமில்லையா என்று கேட்டார். இவர் என் கையைக் கிள்ளினார். மலை ஒத்துக்கொள்ளாத கிழவி என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நான் நஸ்ரினிடம் தமிழில் ஏதோ சொல்வதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள். இந்த அம்மா பிள்ளை பெற்றுக் கிடந்தார், இன்றுதான் நாற்பது முடிந்தது என்று.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு மாமியைப் பார்த்தார். மாமியின் நரைத்த முடியைப் பார்த்தார். இடுப்பில் பஷீரைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். எங்களுக்குப் பின்னால் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாற்பது என்றால் இந்த ஊருக்கும் தெரியும், இங்கேயும் பெற்றவள் நாற்பது கிடக்கிறவள்தான். நஸ்ரின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கே விளக்கினாள். பெற்றவளுக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது, பிள்ளைக்கு நாற்பது பாக்கி இருந்தது, அதனால் பெரியவர் கிடந்தார், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று.

"என் மனைவிக்குத் தெரிந்தால் என் தாயைக் கிடக்கச் சொல்வாள்" என்றார் அதிகாரி. ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்தினார். மாமி அந்த முத்திரையைப் பஷீருக்குக் காட்டி, "பாத்தியா, உன் பாக்கி தீந்துச்சு" என்றார்.

இறங்கும்போது நஸ்ரின்தான் முதலில் ஓடினாள். வெற்றி அவளுடையது, அதனால் காகிதமும் அவள் கையில். நாங்கள் பாதி இறங்குவதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள். கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

"உம்மா, வா."

பழக்க தோஷம். மாமி சட்டென்று ஒரு படி இறங்கினார். நான் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். மாமி நின்றார். மூச்சு வாங்கினார், பஷீரை இடுப்பில் ஏற்றிப்போட்டுக்கொண்டார்.

"எங்கே ஒதுங்குறே? என் நாப்பது முடிஞ்சுது மோளே. அவ உன்னைத்தான் கூப்பிடுறா. போ."

இந்த ஊருக்கு வருகிற எல்லோரிடமும், லில்லியிடமும், படியில் மட்டும் ஓடாதே என்று சொல்கிறவள் நான். அன்று ஓடினேன்.